திருத்தக் குறிப்பு

வியாழன் மாலை நாலு மணிக்கு
மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள்
ஹெதர் கோவல்ச்சக்.
கதவை மூடலாமா என்று கேட்டாள்.
முப்பத்தொரு வருடத்தில்
கதவை மூடக் கேட்ட மாணவர்கள்
ஒன்று அழுதார்கள்,
அல்லது படிப்பை விட்டுப் போனார்கள்.
இவள் ஒரு கழித்தல் குறியைக் காட்டினாள்.

தொண்ணூற்றேழில் நான் எழுதிய துணைநிரல்.
சாஸ்கட்டூனுக்கு வந்து
இரண்டு பனிக்காலம்தான் ஆகியிருந்தது.
காரை இரவெல்லாம் மின்கம்பியில் செருகி வைக்க வேண்டும் என்பதை
இஞ்சின் உறைந்த பிறகு கற்றிருந்தேன்.
தில்லைநாயகி என்ற பெயர்
கதவுப் பலகையில் டி. நாயகி ஆகி
தாழ்வாரத்தில் டில்லி ஆகியிருந்தது.
கணினி அறையில் மட்டும் கதகதப்பு.
விசிறிகள் இரையும் அங்கே
கையுறைகளைக் காயப்போட்டுவிட்டு
ஆற்றல் தன்னோடு தானே ஒத்துவரும்வரை உட்கார்ந்திருப்பேன்.
பதினேழாம் சுற்று. பதினெட்டு.
ஊசலாடும். மறுபடி முதலிலிருந்து.
பாலத்தின் கீழே ஆறு
பாதி உறைந்து ஆவி விடும் அதிகாலையில்
திரையில் வரும்: ‘ஒருங்கியது.’
அந்த ஒரு சொல்லுக்கு
எத்தனை ராச்சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் எப்போதும் சொல்வது:
ஹைட்ரஜனுக்குத் துல்லியமான விடை உண்டு.
ஹீலியத்துக்குக் கிடையாது.
எலக்ட்ரான் இரண்டானதும்
இது நகர்ந்தால் அது விலகும்,
அது விலகியதால் இது மறுபடி நகரும்.
கோதுமை வயலிலிருந்து வந்த பையன் ஒருவன்
கடைசி வரிசையில் இருந்து
‘எங்க அப்பா அம்மா மாதிரி’ என்றான்.
ஒவ்வொரு செப்டம்பரிலும்
அவன் பெயரைச் சொல்லாமல்
அதைத் திருடிச் சொல்லிவருகிறேன்.
மிச்ச தனிமங்களுக்கெல்லாம் தோராயம்தான்.
தோராயம் என்பது அளவு தெரிந்த தவறு.
இதையும் நான்தான் கரும்பலகையில் எழுதினேன்.

அந்தக் கட்டுரையின் விடை
சோதனைக்கூடத்து எண்ணோடு
அரை கிலோகலோரிக்குள் பொருந்தியது.
நிரந்தரப் பதவி அதனால் வந்தது.
வீட்டுக் கடனும் அதனால்தான்.
டென்மார்க்கில் யாரோ, கான்பூரில் யாரோ
அதன்மேல் தங்கள் மாடிகளை எழுப்பினார்கள்.
ஹெதர் குறியை மாற்றி ஓட்டியிருந்தாள்.
இப்போது மூன்றரை தள்ளி நிற்கிறது.

குறி சரியானதும் விடை கெட்டுவிட்டது.
புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும், கண்கள் சொல்லின.
சின்ன அடித்தளத் தொகுதி ஒரு பக்கம் இழுக்க
என் கழித்தல் குறி மறுபக்கம் இழுக்க
இரண்டு பிழைகள் கயிறு இழுத்து
நடுவில் அசையாமல் நின்றிருக்கிறது
என் பெயர்.

‘நான் தப்பாப் புரிஞ்சிருக்கலாம்’ என்றாள்.
இல்லை என்றேன்.
அந்த இல்லையைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை
அவள் எண்ணியிருப்பாள்.

ஜூனில் ஓய்வு. கேக் சொல்லியாகிவிட்டது.
துறைத்தலைவர் தன் உரையில்
அந்தக் கட்டுரைக்கு ஒரு பத்தி ஒதுக்கி
பிழை பார்க்க எனக்கே அனுப்பியிருக்கிறார்.
இருபத்தொன்பது வருடம் ஆச்சு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று
உள்ளே ஒரு குரல் கேட்டது உண்மை.
அது பசியில் பேசுகிறது என்று
பையிலிருந்த புளிசாதத்தை எடுத்து
பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.
காரம் தாங்காமல் இருமினாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

இதழுக்கு நான்கு வரி எழுதினோம்.
‘ஹெ. கோவல்ச்சக் கண்டறிந்தபடி’ என்ற இடத்தை
எடுத்துவிடச் சொன்னாள்.
எடுக்கவில்லை.
பிறகு பெரிய தொகுதியில், சரியான குறியோடு
கணக்கை வரிசையில் போட்டேன்.
முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு வேலைகள்.
உத்தேசக் காத்திருப்பு நாற்பத்தொரு மணி நேரம்.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அங்கே அந்தக் குறி சரியாகவே இருந்தது.
காரிலிருந்து கம்பியை உருவி
வளையமாகச் சுற்றப் பார்த்தேன்.
விறைத்துப்போயிருந்தது, மடங்கவில்லை.
அப்படியே பின்சீட்டில் போட்டுக்கொண்டு
வீட்டுக்கு ஓட்டினேன்.